சவரிமுத்துவின் விமான இருக்கை

சவரிமுத்து போய்விட்டார் என்ற செய்தி கடந்த வாரம் பஸ்ஸில் வைத்து எனக்கு வந்தது. இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் காலை பஸ். பாட்டுச் சத்தத்தில், அவர் மனைவி பிலோமினா அக்கா போனில் சொன்னது முதலில் காதில் விழவில்லை. "அவரு போயிட்டாருங்க கிளாக்கர்" என்று இரண்டாம் தடவை சொன்னார். பிறகு, "அந்த பிளேன் ஒண்ணு இருக்கே, அதை உங்க கையிலதான் கொடுக்கணும்னு சொல்லி வச்சிருந்தாரு" என்றார். துக்கம் மட்டும் என்றால் தாங்கியிருப்பேன்.

பலாபத்வலயில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. உங்களில் பலர் இன்றைக்கும் அவர் கட்டிய பல்லால்தான் சாப்பிடுகிறீர்கள். டொக்டர் இல்லை என்று அவர் எத்தனை முறை சொன்னாலும் நீங்கள் "பல் டொக்டர்" என்றுதான் கூப்பிட்டீர்கள். யாழ்ப்பாண வீதியோரத்தில் அந்தச் சின்னக் கடை. முன்னறையில் ஒரு நாற்காலி, பின்னறையில் அச்சு எடுக்கும் மேசை. இராணுவ லொறிகள் வரிசையாகப் போகும்போது மேசை நடுங்கும். அவர் கையிலிருக்கும் பல் செட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கடைசி லொறி போகும்வரை காத்திருப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அந்தப் பின்னறையில்தான் சனிக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் இருவரும் பிளாஸ்டிக் ஜெட் விமானங்கள் ஒட்டினோம். நான் ஒரு தோட்டத்து அலுவலகத்தில் கிளாக்கர். அரை நாள் வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிடுவேன். நாற்பது வயது தாண்டிய இரண்டு பேருக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்காத நாள் இல்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. பெட்டிக்குள் வருகிற பாகங்களையே ஒட்டுவதா, அல்லது வேறு கம்பனிகள் தனியாகச் செய்து விற்கும் நுணுக்கமான உதிரிகளை வாங்கிப் பொருத்துவதா? அவர் பெட்டிக் கட்சி. நான் வெளிச் சாமான் கட்சி. பெட்டியில் வந்த விமானியின் இருக்கை வெறும் கட்டியாக இருந்தால், பல் செட் செய்யும் ரெசினிலேயே அவர் ஒன்று செய்துகொள்வார். அது ஈறு நிறத்தில், ரோசாவாக இருக்கும். "பைலட் ஈறு மேல உட்கார்ந்து பறக்கப்போறான்" என்று நான் கிண்டல் செய்வேன். அவர் கோபப்பட மாட்டார். "பெட்டியில வந்ததை முதல்ல இடைவெளி இல்லாம ஒட்டுங்க கிளாக்கர். வெளியில வாங்குற சாமான் வாங்கினவனோட ஆசைக்குத்தான் பொருந்தும்" என்பார்.

யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. நாங்கள் அப்போது ஒட்டிக்கொண்டிருந்தது, எங்கள் தலைக்கு மேலால் வடக்கே போய்க்கொண்டிருந்த அதே ரக ஜெட். அவருடைய அக்கா குடும்பம் எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. மேலே சத்தம் கேட்டால் அவர் அண்ணாந்து பார்க்க மாட்டார். கையிலுள்ள பிளாஸ்டிக் சிறகைத்தான் பார்ப்பார். எதற்கு இதைச் செய்கிறீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். "தெரியாத சாமான்தாங்க பயம் காட்டும். இதுக்கும் ஒட்டு இருக்கு, இணைப்பு இருக்கு" என்றார். எனக்கு அது சரியாக விளங்கவில்லை.

அந்த ஜெட்டுக்கு வெளிச் சாமான் போட்டே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ரெசினில் வார்த்த இருக்கை, வேகம், உயரம் காட்டும் மானிகள் பொறித்த தகடு, சிறகுக்குக் கீழே தொங்கும் குண்டுகள். கட்டாரிலிருந்த என் மச்சானுக்குக் கடிதம் எழுதினேன். பார்சலை என் பெயருக்கு வரவழைக்கப் பயமாக இருந்தது. தோட்டத்துத் தபால் பையை மனேஜர் துரைக்கு முன்னால்தான் அவிழ்ப்போம். நாட்டு நிலைமையில் அப்படி ஒரு பார்சலை நான் எப்படி விளக்குவது? சவரிமுத்துவின் பெயரையும் கடை முகவரியையும் கொடுத்தேன். பிறகுதான் அவரிடமே சொன்னேன். அவர் "சரி, வரட்டும்" என்றார்.

மூன்று சனிக்கிழமை கழித்துப் போனபோது கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்கார நானா என்னை உள்ளே இழுத்தார். "பல்லு மாத்தயாவ விசாரணைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. பார்சல்ல பிளேன் சாமான் வந்திச்சாம், குண்டெல்லாம் இருந்திச்சாம். நீங்க இங்க நிக்காதீங்க, பஸ் எடுத்துப் போங்க" என்றார். நான் பஸ் எடுத்துப் போனேன். வீட்டுக்கு வந்து என்னிடமிருந்த விமானங்களையெல்லாம் அடுப்பில் போட்டேன். பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

அடுத்த வாரம் பிலோமினா அக்கா என்னைத் தேடித் தோட்டத்துக்கே வந்தார். "அந்தப் பார்சல் யாரு அனுப்பினதுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டார். "தெரியாதுங்க அக்கா" என்றேன். அவர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

பதினேழு நாள் கழித்து, பார்சல் சாமான்களையும் திருப்பிக் கொடுத்து அவரை விட்டார்கள். உடனே போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மாதம் போனது. போனபோது அவர் மேசை முன்னால் இருந்தார். வலது கையின் சுட்டுவிரல் முழுதாக மடங்கவில்லை. கதவில் நசுங்கியதாக உங்களிடம் சொல்லியிருப்பார். என்னிடம் அதுகூடச் சொல்லவில்லை.

"விளையாட்டுச் சாமான்னா பொருத்திப் பூட்டிக் காட்டுன்னாங்க. நம்ம பிளேனையும் அந்த சீட்டையும் முன்னால வச்சாங்க. பூட்டிப் பார்த்தேன், போகல. பொய் சொல்றேன்னு முடிவு பண்ணிட்டாங்க" என்றார்.

"ஏன் போகல?"

"நம்ம பெட்டி எழுபத்திரண்டுல ஒண்ணு. வந்த சாமான் நாப்பத்தெட்டுல ஒண்ணு. அளவை எழுத மறந்துட்டீங்க கிளாக்கர்."

இந்த வேலையில் முதலாவதாகப் பார்ப்பது அளவைத்தான்; நிஜ விமானத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பதை. நாற்பத்தெட்டுக்குச் செய்த இருக்கை ஒன்றரை மடங்கு பெரிது. எழுபத்திரண்டின் கூட்டுக்குள் எப்படியும் இறங்காது. நான் விமானத்தின் பெயரை மட்டும் எழுதி, அளவை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். "உங்க வீடு லயத்துக்குப் பக்கத்தில. உங்களைத் தேடி வந்தா லயத்துல அத்தனை வீட்டையும் புரட்டுவாங்க. இங்க நான் ஒருத்தன்தானே" என்றார். பிறகு பல் அச்சு ஒன்றை எடுத்துக் கழுவத் தொடங்கினார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. "பிளேன் கேஸ்" என்று நீங்கள் சிலர் அவரைச் சொன்னதும் எனக்குத் தெரியும். வீதிக்கு அந்தப் பக்கத்தால் நடந்துபோனவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. என்னைவிட மோசமாக அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. யுத்தம் முடிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. தன் அக்கா கிளிநொச்சியிலிருந்து திரும்பி வரவில்லை என்று அவர் சொன்ன நாளிலும், நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டு இருந்தேன்.

அடக்கம் முடிந்த பின் பிலோமினா அக்கா ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே அந்த ஜெட். எல்லாம் பெட்டிச் சாமான். ஒட்டிய இடம் தெரியவில்லை. இருக்கையை மட்டும் ஒட்டாமல் வைத்திருந்தார். வெளியே எடுத்துத் திருப்பினேன். அடியில் வர்ணம் பூசவில்லை. ரோசா நிறமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை; வெளிர் மஞ்சள். நான் வரவழைத்த ரெசின். பல் ராவும் கருவியால், மடங்காத அந்த விரலோடு, எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ராவிச் சின்னதாக்கியிருக்கிறார். நான் ஆசைப்பட்ட நுணுக்கமெல்லாம் போயிருந்தது. திரும்ப வைத்தேன், அசையாமல் இறங்கியது.

அங்கேயே நின்று பிலோமினா அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அழவில்லை. "பதினேழு நாள் நான் ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கினேங்க. அப்ப சொல்லியிருக்கலாமே" என்றார். உள்ளே போய்விட்டார்; நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஜெட்டும் அதன் இருக்கையும்தான். இருக்கையை ஒட்ட மாட்டேன். அவரைப் பற்றி வேறு விதமாகக் கேள்விப்பட்டிருந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பார்சல் என்னுடையது. மேலே எழுதியிருந்த பெயர் மட்டும்தான் அவருடையது.