பதினேழாவது ட்ரையல்

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் என் மேல்தான். ட்ரையல் லைசன்ஸை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைக்கும் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்காக எழுதுவது இது. மற்றவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை.

1. மெயில் ஐடிக்கா பஞ்சம்?

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் கஸ்டம்ஸ் அனுமதி கிடைக்கும்வரை எங்களிடம் நிற்கும். அங்கே நான் இ.டி.பி. செக்ஷன், அதாவது கம்ப்யூட்டர் பிரிவு. செக்ஷன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், நானும் ஒரு ஏசியும்தான். ஏசி பாதி நாள் லீவு. ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இடிபட்டுப் போய் வந்தே பத்தொன்பது வருஷம் ஓட்டினேன்.

ஒரு வருஷம் ஆடிட்டர், "சர்வர் போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அதன்பிறகுதான் டிசாஸ்டர் ரெக்கவரி சாஃப்ட்வேர் பார்த்தோம். டி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வோம். வித்தை ஒன்றும் இல்லை. யார்டு சர்வரில் இருப்பதை அப்படியே வேறு இடத்தில் இருக்கும் இன்னொரு மிஷினுக்குக் காப்பி எடுத்துக்கொண்டே இருக்கும். இங்கே மிஷின் செத்தால் அங்கே எழுப்பிக்கொள்ளலாம். எங்கள் இரண்டாவது மிஷின் பாரிமுனை ஹெட் ஆபீஸில், மூன்றாவது மாடியில் இருந்தது.

கம்பெனிக்காரர்கள் முப்பது நாள் ட்ரையல் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. முப்பதாவது நாள் சப்ஸ்கிரிப்ஷன் கட்டச் சொல்லி மெயில் வந்ததும் மேனேஜர் ரகுநாதன் சாரிடம் எடுத்துப் போனேன்.

"வருஷா வருஷம் கட்டணுமாம்மா? ஒரு தடவை வாங்கிட்டா முடிஞ்சு போகாதா?"

"கட்டற வரைக்கும்தான் சார் ஓடும். சப்ஸ்கிரிப்ஷன் அப்படித்தான்."

"இந்த மாசம் சும்மாதானே ஓடுச்சு?"

"அது ட்ரையல் சார். ஒரு மெயில் ஐடிக்கு ஒரு தடவைதான் தருவான்."

"மெயில் ஐடிக்கா பஞ்சம், ஸ்டெல்லா?"

நான் சிரித்தேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. அன்று மாலையே எங்கள் பில்லிங் கிளார்க் பெயரில் ஒரு மெயில் ஐடி திறந்து, பழையதை எடுத்துவிட்டு, புது ட்ரையல் போட்டேன். அடுத்த மாதம் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் பெயர். அதற்கடுத்த மாதம் கேன்டீன்காரர் பெயர். "இந்த மாசம் யாரு பேரு மேடம்?" என்று யார்டே கேட்டுச் சிரிக்கும். ஹெட் ஆபீஸ் மீட்டிங்கில், "எங்க ஸ்டெல்லா இருக்கிற வரைக்கும் எங்களுக்குச் செலவே கிடையாது" என்றார் மேனேஜர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கேட் கிளார்க் ஏகாம்பரம் அண்ணன் பெயர் போட்டேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த கேட்டில் இருந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் ஒருவர்தான் கரையில் வேலை தேடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாம்மா நீ! எனக்கு வண்டி லைசன்ஸே கெடியாது. கம்ப்யூட்டரு லைசன்ஸ் வாங்கிக் குட்த்துட்ட!"

இந்த வேலையில் ஓர் ஓட்டை இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். பாரிமுனை மிஷினில் ஒரு முழுக் காப்பிக்குத்தான் இடம். பழைய காப்பியை அழித்தால்தான் புது ட்ரையல் புதுக் காப்பியை ஆரம்பிக்கும். எங்கள் லைனில் அது போய்ச் சேர நாலு நாள் ஆகும். ஆக, மாதத்தில் நாலு நாள் எங்களுக்குக் காப்பியே கிடையாது. நாலு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று பதினாறு மாதம் சொல்லிக்கொண்டேன்.

2. என் முன்ஜாக்கிரதை

பதினேழாவது ட்ரையல் போட வேண்டியது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின வாரக் கடைசியிலேயே புயல், கனமழை என்று டிவியில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எண்ணூர் பக்கம் தண்ணீர் ஏறினால் இரண்டு மூன்று நாளைக்கு ரோடு கிடையாது. நான் வர முடியாமல் போய், ட்ரையல் முடிந்து, காப்பி நின்றுபோனால்? மகா புத்திசாலியாக யோசித்தேன். இரண்டு நாள் முன்னதாக, திங்கட்கிழமை காலையிலேயே பழைய காப்பியை அழித்துவிட்டுப் புதியதை ஓடவிட்டேன். மேனேஜரிடம் போய்ச் சொல்லவும் செய்தேன். "வெரி குட்" என்றார்.

செவ்வாய் விடாத மழை. புதனும் மழை. வியாழன் மதியம் டிராக்டரில் ஏறி யார்டுக்குப் போனேன். ஆபீஸுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர், அதன்மேல் கறுப்பாக எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. சர்வர் அடித்தட்டில் இருந்தது. கடைசி வரை யு.பி.எஸ். அதற்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஓடும்போதே முழுகிவிட்டது. டிஸ்குகளைக் கழற்றி டேட்டா எடுத்துத் தரும் கடைக்கு அனுப்பினோம். ஒன்றும் தேறாது என்று பத்து நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பாரிமுனையில் புதுக் காப்பி மூன்றில் ஒரு பங்கோடு நின்றிருந்தது. முக்கால் குடம் தண்ணீராவது குடிக்க உதவும். அரைகுறைக் காப்பி அதற்கும் உதவாது.

யார்டில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. நின்றிருந்த பெட்டிகளை எண்ணி, பேப்பரில் இருந்ததைப் பார்த்து, புது சர்வரில் மறுபடி ஏற்றினோம். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

3. சனிக்கிழமை போன பெட்டி

பெட்டிகளை எண்ணியபோது ஒன்று குறைந்தது. கஸ்டம்ஸ் அனுமதி வராத பெட்டி. மழைக்கு முந்தின சனிக்கிழமை ஒரு டிரெய்லர் அதை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டியிருக்கிறது. கேட்டில் டூட்டி ஏகாம்பரம் அண்ணன்; திறந்துவிட்டேன் என்று அவரே சொன்னார்.

கேட் வேலை எப்படி என்றால், உள்ளே இருக்கும் அதிகாரி யாராவது தன் லாகினில் பெட்டிக்கு ரிலீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கேட் ஸ்கிரீனில் பச்சை வரும். பச்சை வந்தால் கேட் கிளார்க் பாஸ் அடித்துக் கொடுத்துக் கதவைத் திறப்பார். ரிலீஸ் கொடுக்கும் லாகின் நாலு பேரிடம் இருந்தது. மேனேஜரும் அதில் ஒருவர். நாலு பேரும் நான் இல்லை, நான் இல்லை என்றார்கள். யார், எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்பது சர்வர் லாகில், அதாவது மிஷின் தானாக எழுதி வைக்கும் பதிவில் இருக்கும்; அது சர்வரோடு போய்விட்டது. முன்பெல்லாம் கேட்டில் தடியாக ஒரு ரிஜிஸ்டர் கிடக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகு எதற்கு என்று அதை நிறுத்தியதும் நான்தான்.

ஏகாம்பரம் அண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார். அப்போதுகூட அவர் முகத்தில் பயம் இல்லை.

"பச்ச கலரு பாத்துட்டுதாம்மா கேட்ட தொறந்தேன். எம் பொண்ணு மேல சத்தியம். உன் டப்பால கீதுல்ல? எட்த்துக் காட்டிடு, மேட்டரு முடிஞ்சிடும்."

"பார்க்கிறேண்ணே" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். வாராவாரம் திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே விடமாட்டார்கள். நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, "டப்பாக்கு உசுரு வந்துச்சாம்மா?" என்பார். "ட்ரை பண்ணிட்டு இருக்கோம்ணே" என்பேன். மூன்று மாதம் இப்படியே பொய் சொன்னேன். அவர் என்னை நம்பித்தான் வெயிலில் நின்றார், பாவி நான்.

4. டெர்ம்ஸில் இருந்தது

அந்தச் சமயத்தில்தான் சாஃப்ட்வேர் கம்பெனியின் சப்போர்ட்டுக்கு ஃபோன் போட்டேன். ஏதாவது வழி இருக்குமா என்று ஒரு நப்பாசை. ட்ரையல் முடிந்துவிடும் என்ற பயத்தில் பழைய காப்பியை அழித்ததாகச் சொன்னேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"எதுக்கு மேடம் அழிச்சீங்க? ட்ரையல் முடிஞ்சா புதுசா காப்பி எடுக்காது, அவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கிற காப்பியை எப்ப வேணா ரீஸ்டோர் பண்ணலாம். டெர்ம்ஸ்லயே இருக்கே, படிக்கலையா?"

பதினேழு தடவை அந்த டெர்ம்ஸுக்குக் கீழே டிக் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் படித்ததில்லை. திங்கட்கிழமை நான் கையை வைக்காமல் இருந்திருந்தால், மழையில் வீட்டிலேயே முடங்கியிருந்தால், குறைந்தபட்சம் ஞாயிறு இரவு வரைக்குமான காப்பி பாரிமுனையில் பத்திரமாக இருந்திருக்கும். சனிக்கிழமை லாகும் அதில் இருந்திருக்கும். ஃபோனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

விசாரணைக்கு ஹெட் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். டி.ஆர். காப்பி ஏன் இல்லை என்று என்னிடம் எழுத்தில் கேட்டார்கள். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மழைன்னு எழுதிடு ஸ்டெல்லா. ட்ரையல்னு எழுதினா உனக்கும் சிக்கல், எனக்கும் சிக்கல். ரிட்டயராக ரெண்டு வருஷம்தானே இருக்கு உனக்கு?"

ரிலீஸ் கொடுத்தது அவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவர் எழுதச் சொன்னதை எழுதியது என் கை. 'கனமழையால் மூலத் தரவும் பிரதியும் சேதமடைந்தன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது மாடிக்கு எப்படித் தண்ணீர் ஏறியது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் ஏகாம்பரம் அண்ணனை வேலையை விட்டு எடுத்தார்கள். குப்பத்தில் அவருக்குக் 'கன்டெய்னர் ஏகாம்பரம்' என்று பெயர் விழுந்தது. அவர் பெண்ணுக்கு வந்த ஒரு சம்பந்தம் அந்தப் பெயரைக் கேட்டே திரும்பிப் போனதாகக் கேள்விப்பட்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை நான்.

5. எழுத முடியாத வரி

ரிட்டயரான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஏகாம்பரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலையாம். பனிக்கட்டி இழுத்து இழுத்துக் கை தோல் உரிந்திருந்தது. அவர் மனைவி கஸ்தூரி நாற்காலி போட்டு, காப்பித் தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, அந்தக் கம்ப்யூட்டர் காப்பி மழையில போகல. நான்தான் அழிச்சேன்" என்றேன். ட்ரையல், மெயில் ஐடி, திங்கட்கிழமை, ரிப்போர்ட் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரல்விட்டு நாளை எண்ணினார்.

"அப்போ திங்கக்கெயம காலீல வரிக்கும் அது இருந்துக்கீது."

"இருந்துச்சுண்ணே."

"இத்தினி வருசமா எல்லாரும் மய மயன்னு சொல்லிக்கினு இருந்தீங்களேம்மா."

திட்டியிருந்தால் தேவலை. கஸ்தூரிதான் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து என் முன்னால் வைத்தாள். "இப்ப சொன்னத்த எய்திக் குடு" என்றாள். பின்பக்கத்தில் எழுதினேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய ரிப்போர்ட், ஒரு வரி விடாமல். அவள் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல இவரு தப்பு பண்ணலன்னு எங்க கீது?"

"லாக் இருந்தாதாம்மா அதைச் சொல்ல முடியும். எனக்கு அது தெரியாது. அண்ணன் பண்ணலைன்னு நம்பறேன்னு எழுதித் தரேன்."

ஏகாம்பரம் அண்ணன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "நம்பறேன்னு இவளுந்தான் சொல்றா! தெனம் சொல்றா!"

கஸ்தூரி அவரைப் பார்க்கவில்லை. தாளை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குக் கட்டிய புருஷன் மேல் ஒரு துளி சந்தேகம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அந்தத் துளியைத் துடைக்க இந்த உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அதை நான் அழித்தேன்.

பிள்ளைகளே, சப்ஸ்கிரிப்ஷன் கேட்டு மேனேஜர் கையை விரித்தால், விரித்ததை எழுத்தில் வாங்கி வையுங்கள். டெர்ம்ஸைப் படியுங்கள். புதுக் காப்பி முழுதாக வந்து, அதை ஒரு தடவை எழுப்பிப் பார்க்கும்வரை பழையதைத் தொடாதீர்கள். அப்படியும் தவறு நடந்துவிட்டால், நடந்ததை நடந்தபடி அன்றைக்கே எழுதுங்கள். அன்று எழுதியிருந்தால், சாட்சி இல்லாததற்கு அவர் காரணமில்லை என்றாவது விட்டிருப்பார்கள். பிறகு எழுதும் தாளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதையும் நான் எழுதிப் பார்த்துவிட்டேன்.