மொக்கம்மாளின் தார்க்களம்

கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப் போகிற சாலையில், கேரளாவுக்கு ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் மொக்கம்மாள் வீட்டு வாசலை உரசிக்கொண்டுதான் போயாக வேண்டும். அவள் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் அந்தச் சாலை அவளுக்குப் பழகவில்லை. காலையில் வாசல் தெளிக்க வருகிறவள், வாளியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிடுவாள்.

"எங்கிட்டிருந்துதேன் இம்புட்டுச் சனம் வருது? எல்லாம் எங்கிட்டுத்தேன் போறாக?"

பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பதில்லை. கேட்டுவிட்டுத் தெளிக்கத் தொடங்குவாள்.

தேக்கடி அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். பஸ் ஏறி உட்கார்ந்தால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறி இறங்கியவள்தான் மொக்கம்மாள். ஆனால் ஊர் உலகமெல்லாம் பார்க்கப் போகிற அந்த ஏரியையும் படகையும் மட்டும் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டால், "அதப் பாக்கப் போறவுகளப் பாக்கவே எனக்குப் பொழுது பத்தல" என்பாள்.

அவள் புருஷன் அய்யாத்துரைக்கோ சாலை என்ற பேச்சே ஆகாது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவருடைய இரண்டு வெள்ளாடுகளை அந்தச் சாலைதான் தின்றது. அகலப்படுத்துகிறோம் என்று வந்து வாசல் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். முருங்கைக் கீரையை மூன்று தண்ணீர் ஊற்றி அலசினால்தான் புழுதி போகும். சீசன் நாளில் எதிர்ப்பக்கம் இருக்கும் தன் காட்டுக்குப் போக, ஒரு வெற்றிலையைப் போட்டு மென்று துப்புகிற வரைக்கும் ஓரத்திலேயே நிற்க வேண்டும். ஆடு போனதற்குப் பிறகு, வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மூங்கிலும் முள்ளும் வைத்து வேலி கட்டி, வாசலுக்குக் கதவாக ஒரு மூங்கில் படலையும் மாட்டினார். அவர் உயிரோடு இருக்கிற வரை ஒரு சக்கரம்கூட அந்தப் படலைத் தாண்டி உள்ளே வராது என்று சபதமே போட்டிருந்தார்.

காடு என்றால் மலையடிவாரத்து மானாவாரி நிலம். மழையை நம்பிக் கொள்ளு விதைத்தால், மார்கழிக் கடைசியில் செடியைப் பிடுங்கிக் காயவைத்துத் தையில் அடிக்க வேண்டும். மாடுகளை விற்று வெகுகாலமாகிவிட்டது. கொஞ்சக் கொள்ளுக்கு மிஷின்காரன் வரமாட்டான். அதனால் அந்தப் பக்கத்துச் சனங்கள் செய்வதைத்தான் மொக்கம்மாளும் செய்வாள். செடியைக் கொண்டுவந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவாள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி, காய்ந்த நெற்றை உடைத்து மணியை உதிர்த்துக் கொடுக்கும்.

அதிலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. மொத்தையாகப் போட மாட்டாள். பைக்கில் போகிறவர்கள் வழுக்கி விழுவார்கள். மெலிசாகப் பரப்பி, ஓரத்தில் பைக்குக்குத் தடம் விட்டு, ஒரு பழைய சிவப்புச் சேலையைக் கம்பில் கட்டி முன்னால் நட்டுவைப்பாள். ஒரு நாளைக்கு நான்கு கட்டுக்கு மேல் பிரிக்க மாட்டாள். கார் டயர் ஏறினால் நெற்று உடையும், மணி உடையாது. கல் லாரி ஏறினால் பருப்பாகவே உடைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். லாரியைக் கண்டால் இரண்டு கையையும் விரித்து ஒதுங்கச் சொல்லுவாள். சில லாரிக்காரர்கள் ஒதுங்குவார்கள், சிலர் அவள் குலத்தையே திட்டிவிட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள்.

"பெங்களூர்லருந்து பெட்ரோல் போட்டு வந்து எனக்குக் கொள்ளடிச்சுக் குடுத்துட்டுப் போறாகய்யா. இது எம்புட்டுப் பெரிய விசயம்!" என்று புருஷனிடம் சொல்லி மாய்ந்து போவாள்.

"ஆமா, ஆட்டையும் அடிச்சுக் குடுத்தாக" என்பார் அவர்.

இந்த வருஷம் மழை கைகொடுத்து, காடு கொள்ளாத விளைச்சல். வீட்டு முற்றத்தில் கட்டுக்கட்டாகக் கொள்ளுச் செடி குவிந்து கிடந்தது. மகரஜோதி முடிந்த மறுநாள் விடிந்ததும், மொக்கம்மாள் அத்தனை கட்டையும் சாலைக்கு இழுக்கத் தொடங்கினாள். ஜோதி பார்த்த சாமிமார் கூட்டமும், பொங்கல் லீவுக்குத் தேக்கடி போன கூட்டமும் சேர்ந்து மலையிறங்குகிற நாள் அது. அத்தனை வண்டிக்கும் நாலு கட்டு எந்த மூலைக்கு என்று ஆசை அவளை இழுத்துவிட்டது.

"மாட்டுப் பொங்கலன்னைக்கு எவளாச்சும் களம் போடுவாளா? அதுவும் மொத்தத்தையும் போடுற. நாளைக்குக் கொஞ்சம் போடு புள்ள" என்றார் அய்யாத்துரை.

"மாடு வச்சிருக்கவுகளுக்குத்தேன் மாட்டுப் பொங்கலு. எனக்குப் பெணையல் மாடா நின்னு போரடிக்கிறது காருதேன். அதுக இன்னைக்கித்தேன் மந்தை மந்தையா எறங்குது. நாளைக்கு வருமா?"

வந்தன. அப்படி வண்டிகள் வந்து அவள் பார்த்ததே இல்லை. வேன், பஸ், கார், காருக்குப் பின்னால் கார். நெற்று படபடவென்று வெடிக்கிற சத்தம் நிற்கவே இல்லை. நடுப்பகலுக்குள் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. மொக்கம்மாள் படலுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் வண்டிகள் ஊர்ந்தன. ஊர்ந்தவை நின்றன. கூடலூர் பஜாருக்குள் இரண்டு பெரிய பஸ்கள் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டதாம். அவசரக்காரர்கள் எதிர்த்தடத்திலும் புகுந்து அடைத்தார்கள். சற்று நேரத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தார் தெரியவில்லை. உதிர்ந்த கொள்ளு அத்தனையும் நின்ற வண்டிகளுக்கு அடியில் கிடந்தது.

குளிர்ந்த காற்று ஒன்று அடித்தது. மொக்கம்மாள் தலையைத் தூக்கினாள். குமுளி மலை முகட்டைக் காணோம். கருத்த மேகம் பாதி மலையை விழுங்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

நெற்று உடைந்த கொள்ளு நனைந்தால் இரவுக்குள் உப்பும், மறுநாள் முளை கட்டும். அப்புறம் விதைக்கும் ஆகாது, வயிற்றுக்கும் ஆகாது. ஒரு வருஷத்துப் பாடு மொத்தமும் தெருவில் கிடந்தது, அதுவும் அவளாகவே இழுத்துப் போட்டது.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள். வண்டிகளின் இடுக்கில் கூட்டினாள். மண்டியிட்டு ஒரு காருக்கு அடியில் கையை விட்டு வாரினாள். இஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. பின்னாலிருந்து ஹாரன் அலறியது. எந்த வண்டியைப் பார்த்துக் கெஞ்சுவது என்று தெரியாமல், நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

களத்தின் மலைப்பக்க ஓரத்தில் நின்ற சாமிமார் பஸ்ஸிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். சேலத்துப் பக்கத்து ஆள்.

"கொள்ளுங்களாம்மா?"

"ஆமாஞ்சாமி. மழ எறங்குது சாமி. போச்சே, எல்லாம் போச்சே!"

அவர் மலையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பின்னால் நின்ற வண்டிகளைக் கையசைத்து ஒதுக்கி, பஸ்ஸை மெல்லப் பின்னுக்கு எடுத்து, கொள்ளுப் பரப்பை விட்டு விலக்கி, சாலைக்குக் குறுக்காக நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். "இனி ஒரு வண்டியும் முன்னால வராதும்மா. இங்க நிக்கிற காருங்களுக்கு ஒதுங்க இடம் இருக்குங்களா?"

மொக்கம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். படலுக்கு உள்ளே நின்றிருந்த அய்யாத்துரை முன்னால் வந்தார். படலை அவிழ்த்து எறிந்தார். அது போதவில்லை என்று, தான் கட்டிய வேலியையே இரண்டு பக்கமும் பிடுங்கிச் சாய்த்தார்.

"உள்ள வுடுங்க! இங்கன வாங்க! அங்கன கெணத்தடியில ரெண்டு வண்டி நிக்கும், வாங்க!"

கார்கள் ஒவ்வொன்றாக முற்றத்துக்குள் வந்தன. மிச்சம் நின்றவை ஓரப் பள்ளத்தில் ஒதுங்கின. குறுக்கே நின்ற பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வண்டி இஞ்சினை அணைத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அந்த அமைதி வளைவுக்கு வளைவு மலையில் ஏறிக்கொண்டே போனது. பிறகு மொக்கம்மாளுக்கு ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று முதலில் பிடிபடவில்லை. காட்டுக்கு அப்பால் பெரியாற்றுத் தண்ணீர் ஓடுகிற சத்தம். பகலில் அதைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

கறுப்பு வேட்டிச் சாமிகள் செருப்பில்லாத காலோடு இறங்கி வந்து துண்டை விரித்தார்கள். அரை டவுசர் போட்ட பையன்கள் கார் மிதியடியை உருவி அதைக்கொண்டு கொள்ளு மணிகளை ஒதுக்கினார்கள். ஒரு மலையாளத்துப் பெண் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "சேச்சி, மழ வருன்னு! வேகம்!" என்று சாக்கை விரித்துப் பிடித்தாள். யாரோ ஒரு வேன் மேலிருந்து தார்ப்பாயை அவிழ்த்துப் போட்டார்கள். கல்லும் தூசியும் தழையுமாகக் கொள்ளு வீட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. கடைசித் துண்டு வாசப்படி தாண்டவும் மழை சடசடவென்று இறங்கவும் சரியாக இருந்தது.

முப்பது வருஷமாகக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்த முகங்கள் இப்போது அவள் வீட்டு ஓட்டுக்குக் கீழே, அடுப்படி வரைக்கும், தலையைத் துவட்டிக்கொண்டு நின்றன. மொக்கம்மாள் குவிந்து கிடந்த கொள்ளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "இம்புட்டுப் பேரா! எனக்காகவா!" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மழை விட்டபோது பஜார் நெரிசலும் விட்டிருந்தது. வண்டிகள் கிளம்ப ஆயத்தமாயின. மொக்கம்மாள் உள்ளே ஓடிச் சந்தனமும் குங்குமமும் எடுத்துவந்தாள்.

"என்ன புள்ள பண்ணுற?" என்றார் அய்யாத்துரை.

"போரடிச்ச மாட்டுக்குப் பொட்டு வைக்காம அனுப்பக் கூடாதுய்யா."

முற்றத்தில் நின்ற ஒவ்வொரு காரின் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். சிரித்தவர்களும் உண்டு, இறங்கி நின்று கும்பிட்டவர்களும் உண்டு. அவள் விட்டுப்போன ஒரு காரைக் காட்டி, "இதுக்கு வைக்கலயே" என்று கூப்பிட்டவர் அய்யாத்துரைதான்.

கடைசியாகப் பஸ்ஸிடம் வந்தாள். கைக்கு எட்டிய இடத்தில் சந்தனத்தை அப்பிவிட்டு, இத்தனை வருஷமாகக் காற்றைப் பார்த்துக் கேட்ட கேள்வியை டிரைவரிடம் கேட்டாள்.

"எங்கிட்டுச் சாமி இம்புட்டுத் தூரம் போறீக?"

"வீட்டுக்குத்தாம்மா. ஒரு சோடி மாடு வச்சிருக்கேன். இன்னைக்கு நான் போய்த்தான் குளிப்பாட்டிப் பொங்கல் வைக்கணும். பொழுது சாஞ்சிருச்சு. இனி எங்க? அதுகளுக்கு நாளைக்குத்தான்."

"செத்த நில்லுங்க சாமி" என்றாள் மொக்கம்மாள். பிறகு உள்ளே போய், சுளகு நிறையக் கொள்ளை அள்ளிக் கல் பொறுக்கிப் புடைத்து, அவர் நீட்டிய ஈரத் துண்டை ஒதுக்கிவிட்டுத் தன்னுடைய காய்ந்த சேலைத் துணியில் முடிந்து கொடுத்தாள்.

"இத அவிச்சு அதுகளுக்கு வையிங்க சாமி. கூடலூர் மொக்கம்மா குடுத்தான்னு சொல்லி வையிங்க."

பஸ் நகர்ந்தது. பின்னாலேயே மலையிலிருந்து வண்டிகள் இறங்கத் தொடங்கின. மொக்கம்மாள் பிடுங்கிப்போட்ட வேலிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே போகிறார்கள் என்று இப்போது அவள் கேட்கவில்லை. "பாத்துப் போங்க, பாத்துப் போங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.