ஆமத்தூர் தோடி

கல்யாணப் பத்திரிகையின் மை வாசனை மூக்கில் ஏறினால் போதும், சிவகாசியில் அப்பாவின் லேபிள் அச்சகத்துப் பின்னறைக்குப் போய்விடுகிறேன். அங்கே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அந்நாளில் ஞாயிறுதோறும் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து, ஒரே வித்வானின் நாதஸ்வரத் தோடியை இரண்டு கேசட்டுகளில் மாற்றி மாற்றிக் கேட்டு, எது உசத்தி என்று மூன்று பேர் மல்லுக்கட்டுவார்கள். விருதுநகர் பருப்பு மில்காரருடையது சென்னை சபாவில் எடுத்தது, படு சுத்தம். அப்பாவுடையது ஆமத்தூர்த் திருவிழாவில் எடுத்தது. நடுவே தூரத்தில் ‘டொம்’ என்று கேட்கும், வித்வான் ஒரு மூச்சு நிறுத்தித் தொடர்வார்.

“என்ன அண்ணாச்சி, தவில் பத்தலைன்னு வெடி வச்சீகளாக்கும்?” என்று மில்காரர் ஒருநாள் சிரித்தார். எப்போதும் ஆமத்தூருக்கே பரிந்து பேசுகிற எங்கள் அச்சகத்துக் கட்டிங் மெஷின் சங்கரன் மாமா தலையைக் குனிந்துகொண்டார். பட்டாசுக் கம்பெனி வெடித்து அவர் மனைவி இறந்த சத்தம் அது என்பது மில்காரருக்கும் எனக்கும் மட்டும் அப்போது தெரியாது.

பத்து வயதிலேயே இசைக்குத் தொண்டாற்றும் வியாதி எனக்கு இருந்தது. மறுநாள் அப்பாவின் கேசட்டில் சரியாக அந்த ‘டொம்’ வரும் இடத்தில் ரெக்கார்டு பொத்தானை அமுக்கி அழித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்த இடத்தில், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அமைதிதான் கேட்டது. மாமா இரண்டு முறை பின்னால் ஓட்டிக் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“நல்லாத்தாம்லே இருக்கு,” என்றார்.

அதற்கப்புறம் அவர் சென்னைக் கேசட்டையே போடச் சொன்னார். அதுதான் உசத்தி என்று மில்காரரோடு சேர்ந்து அப்பாவிடம் வாதாடவும் செய்தார்.