ஆள் நடமாட்டம் இல்லாத மேடு

2005-ல் நானும் என் மச்சானும் இரவல் தோணியில் கூடாரத்தையும் தூண்டிலையும் ஏற்றிக்கொண்டு, மரக்காணம் பக்கம் கழுவெளி ஏரியில் மனிதர் வாடையே இல்லாத இடம் தேடி அலைந்தோம். இருட்டுகிற நேரத்தில், உப்பளங்களைத் தாண்டி ஒரு மேடு கிடைத்தது. சுற்றிலும் புதர், நல்ல காற்று, பக்கத்திலேயே தண்ணீர்.

"இங்க எவனும் வர மாட்டான்" என்றான் மச்சான்.

விடிந்ததும் பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டிய நாலைந்து பேர், வாயில் பீடியோடு கூடாரத்தை முறைத்தபடி நின்றார்கள்.

"ஏம்பா, ஊரே ஒதுங்குற இடத்துல வந்து படுத்துக்கினு இருக்கீங்களே! கொஞ்சம் எழுந்து போங்கப்பா, அவசரம்" என்றார் ஒருவர்.

கூடாரத்தைச் சுருட்டாமலே தூக்கிக்கொண்டு தோணிக்கு நடந்தோம். கரைவரைக்கும் மச்சான் தரையைப் பார்த்துப் பார்த்தே நடந்தான். வீட்டுக்கு மீன் மட்டும் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு போனோம்.