வீட்டுக்கு ஒரு பக்கம்

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் சென்னை முழுக்கத் தண்ணீருக்கு அலைந்ததே, அந்தக் கோடையில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி நாலைந்து மாதம் இருக்கும். அரக்கோணம் பக்கத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு வாழ வந்திருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பக்கம் வீடுகள். எதிர்ப்பக்கம் ஒரு லேத் பட்டறையும் துறைமுகச் சரக்கு அடுக்குகிற குடோனும். அடி பம்பை எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வரும். வரும் என்றால், வந்தால் வரும்.

மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். உண்மைதான். ஆனால் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருப்பதை யாரும் சொல்லவில்லை. பெட்டி நிறைய காமிக்ஸ். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில், மூலைக்கு மூலை அந்துருண்டையோடு. கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிற, இத்தனை பெரிய மீசை வைத்த மனுஷர்! ஞாயிற்றுக்கிழமையானால் இவருடைய தோஸ்துகள் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். அந்த மாதம் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச்சு ஆரம்பிக்கும். ஓவியம் பிரமாதம் என்பார் ஒருவர். வசனம் சொதப்பல் என்பார் இன்னொருவர். அவனை அத்தனை சீக்கிரம் சாகடித்திருக்கக் கூடாது என்று எங்கள் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வார். முதல் தடவை டீ எடுத்துக்கொண்டு போனபோது, சொந்தத்தில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் பயந்தே போனேன்.

லாரிக்குக் காத்து நிற்பது இருக்கிறதே, அந்தக் கொடுமையைச் சொல்லி மாளாது. காலையில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு மத்தியானம் வரை வெயிலில் நிற்க வேண்டும். பொழுது போக ஒரே வழி சண்டை போடுவதுதான். எனக்கு அந்த ஊர்ச் சண்டை அப்போது பழகவில்லை. ஒருநாள் இவரிடம், "நிக்கிறப்ப பொழுதே போகலைங்க, ஒரு புக்கை எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! புதுப் பெண்டாட்டி, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. குண்டாக இருந்த ஒரு தீபாவளி மலரை எடுத்து, இரண்டு கவர் போட்டு, பெண்ணை மறுவீடு அனுப்புகிற மாதிரிக் கொடுத்தார். "மடிக்காத. எச்சித் தொட்டுப் பக்கம் திருப்பாத. தண்ணியாண்ட கொண்டு போவாத," என்றார். தண்ணீர் பிடிக்கத்தானே போகிறேன் என்று நான் சொல்லவில்லை.

கதை இதுதான். பாலைவனத்து நடுவில் ஒரு ஊர். ஊருக்கு ஒரே ஒரு கிணறு. அதில் யாரோ விஷம் கலந்துவிடுகிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க ஒற்றைக் கை ஷெரீப் ஒருவன் குதிரையில் வருகிறான். சந்தேகம் இரண்டு பேர் மேல்: கழுத்தில் ஒரு சாவியை மாட்டிக்கொண்டு திரிகிற டாக்டர் மேலும், புருஷனை இழந்த ஒரு பணக்காரப் பெண் மேலும்.

நான் மனசுக்குள்தான் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மீன்காரக்கா, காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர், எட்டிப் பார்த்து, "கிணத்துல இன்னாமே பண்றான் அவன்?" என்றார். சொன்னேன். அவ்வளவுதான். கிணற்றில் விஷம் என்றதும் வரிசை மொத்தமும் திரும்பிவிட்டது. அந்த வருஷம் எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய குற்றம் எது? "சத்தமா படிமே," என்றார்கள். அன்றையிலிருந்து நான் படிக்க, அவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். துப்பாக்கிச் சத்தத்தையும் நானே போட வேண்டும். முதலில் 'டுமீல்' சொல்லக் கூச்சமாக இருந்தது, மூன்றாம் நாள் குடோன் வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சுட்டேன்.

அவர்கள் சொன்ன விமரிசனத்தையெல்லாம் இவருடைய தோஸ்துகள் கேட்டிருக்க வேண்டும். "ஒரு கைய வச்சிகினு குதிர ஓட்றான், சுடறான், அடுப்பும் மூட்டறான். எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு கையும் கீது, ஒரு குடம் தூக்க மாட்டேன்றாரு," இது மீன்காரக்கா. டெய்லர் வீட்டம்மாவுக்குக் கதையைவிட அந்தப் பணக்காரப் பெண்ணின் கவுன் மேல்தான் கண். எத்தனை மீட்டர் துணி பிடிக்கும் என்று படம் படமாகக் கணக்குப் போட்டார். ஒருநாள், ஷெரீப் ஒரு ஓடையைக் கண்டுபிடித்து, தொப்பியில் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைக் குதிரை மேல் வீசுகிற படம் வந்தது. புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். "அய்யய்யோ, கீழ வுட்றானே கஸ்மாலம்!" என்று வரிசை மொத்தமும் அலறியது. அதற்கப்புறம் அவன் எத்தனை நல்லது செய்தும் அவர்கள் அவனை முழுசாக மன்னிக்கவே இல்லை.

லாரி டிரைவர் ஒருவர் வருவார். ஒல்லி, சிடுமூஞ்சி. "ஜல்தி புடிம்மா, ஜல்தி," என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டார். குழாயைத் திறந்துவிட்டு, என் முறை வரும் வரை படித்துக்கொண்டிருக்கிற என் பக்கத்தில் வந்து நின்று வேறு எங்கேயோ பார்ப்பார். ஒருநாள் குடம் நிரம்பி வழிவது தெரியாமல் அவர் நிற்க, மீன்காரக்கா அவரைத் திட்டித் தீர்த்தார். வெயிலில் ஆளுக்குக் கிறுகிறுப்பு என்றுதான் நான் நினைத்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது டெய்லர் வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. வீட்டிலேயே விசேஷம். சொந்தக்காரர்கள் நாலா பக்கத்திலிருந்தும் வருகிறார்கள், சமையல் வேறு. முந்தின நாள் லாரி முறை. வீட்டுக்கு இரண்டு குடம் டெய்லர் வீட்டுக்கு விட்டுக்கொடுப்பது என்று தெருவே சேர்ந்து பேசி வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் இரண்டு குடம் என்பது சின்ன விஷயமா?

அன்றைக்கு என்று லாரி தாமதம். அன்றைக்கு என்று கதையும் கடைசிக் கட்டம். வெயில் தாங்காமல், குடங்களை வரிசையில் விட்டுவிட்டு லேத் பட்டறைக்குள் கூரை நிழலில் போய் உட்கார்ந்தோம். டாக்டர்தான் விஷம் வைத்தார் என்று மீன்காரக்கா. இல்லை, அந்தப் பொம்பளைதான், அத்தனை துணி கட்டுகிறவள் நல்லவளாக இருக்க மாட்டாள் என்று டெய்லர் வீட்டம்மா. தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வந்து டாக்டர் கட்சியில் சேர்ந்துகொண்டார். மெஷின் ஓடியிருந்தாலாவது, லாரிச் சத்தம் கேட்கவில்லை என்று அதன் மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

நான் தற்செயலாகத்தான் திரும்பினேன். லாரியின் பின்பக்கம் தெரிந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டே அடுத்த தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் குடங்கள் வெயிலில் காலியாக நின்றன. ஓடினோம். ஓடி என்ன பிரயோஜனம்? அடுத்த தெருப் பெண்கள் லாரியைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். எங்கள் சத்தம் அவர்கள் காதிலேயே விழவில்லை.

டெய்லர் வீட்டம்மா ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு வர்றவங்களுக்குக் கை கழுவக்கூட இல்லியேம்மா," என்றபோது அவருக்குக் குரல் உடைந்தது. பழி யார் மேல் விழும்? வாழ வந்த என் மேல்தான். "தெருவுக்கே வந்து சேர்ந்தா பாரு மகராசி," என்று ஒருத்தி சொன்னாள். "நா அப்பவே சொன்னேன், போதும் மூடுன்னு," என்றார் மீன்காரக்கா. மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா! அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று என் தோளைக் கிள்ளியதே அவர்தான். கிள்ளின இடம் அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் இவர் வந்தார். தெருமுனையிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்த்தார், அழுது வீங்கியிருந்தது. கேட்டாரே ஒரு கேள்வி: "புக்கு நனையலியே?"

"நனையறதுக்குத் தண்ணி எங்கய்யா இருக்கு!" என்று கத்தினேன். கல்யாணத்துக்கு அப்புறம் நான் அவரை 'ய்யா' என்றது அதுதான் முதல் தடவை.

அவர் பதில் சொல்வதற்குள் தெருவில் ஹாரன் சத்தம். வெளியே ஓடிப் பார்த்தால் அதே லாரி, அதே சிடுமூஞ்சி. இறங்கி நேராக வந்தார். "நீதானம்மா அந்தக் கத படிக்கிறது?" என்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் இவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"மத்தியானம் வந்தேன். கொடம் மட்டும் நிக்கிது, ஆளக் காணோம். ஹாரன் அடிச்சேன். உள்ள இன்னாவோ அடிதடின்னு நெனச்சேன். அதுக்குள்ள அந்தத் தெரு பொம்பளைங்க வண்டிய இஸ்துகினு பூட்டாங்க. அப்பால தான் சொன்னாங்க, அது கதையப் பத்தின சண்டைன்னு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடைசி டிரிப்பு, அர லோடு மிச்சம் கீது. அத்த வுடு. கிணத்துல வெஷம் வச்சது யாரும்மா? டாக்டரா, அந்தப் பொம்பளையா? எனக்கு ராத்திரில தூக்கமே வர்ல," என்றார்.

எனக்கே இன்னும் தெரியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மீன் வாடையடிக்கிற உள்ளங்கை ஒன்று வந்து அதை அடைத்தது. "சொல்லாத!" என்றார் மீன்காரக்கா. "மொதல்ல தண்ணி. அப்பால கத."

"மொதல்ல கத," என்றார் டிரைவர்.

காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் நிற்கிறவரிடம் அவரால் பேரம் பேசி ஜெயிக்க முடியுமா? வீட்டுக்கு ஒரு பக்கம் என்று முடிவானது. ஒரு வீட்டுக் குடங்கள் நிரம்ப நிரம்ப ஒரு பக்கம் படிப்பது. முதல் பக்கம் டெய்லர் வீட்டுக்கு. நான் புத்தகத்தை எடுத்துவந்தேன். சுற்றிலும் ஈரக் கைகள், தெறிக்கிற குழாய். இவரால் தாங்க முடியவில்லை. "குடு இங்க," என்று பிடுங்கிக்கொண்டு பட்டறைத் திண்டின் மேல் ஏறி நின்றார். ஏறியவர் படிக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் இரண்டு தோஸ்துகளைத் தவிர யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர். அவர் அன்றைக்கு ஷெரீப்புக்கு ஒரு குரல், டாக்டருக்கு ஒரு குரல், குதிரைக்குக்கூட ஒரு குரல் வைத்துப் படித்தார். 'டுமீல்' என்றபோது டெய்லர் வீட்டம்மா குடத்தை நழுவவிட்டார். பக்கம் சின்னதாக முடிந்தால் டிரைவர் குழாயை மூடிவிடுவார். "இன்னாபா, ரெண்டே படமா? ஏமாத்துற பாத்தியா," என்பார். வீடுகள் மிச்சமிருக்கப் பக்கங்கள் குறைவதைப் பார்த்த மீன்காரக்கா, "பாதிப் பாதியா படி நைனா," என்று கட்டளை போட்டார். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். இந்த மனுஷரைத்தான் கட்டியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசி வீட்டுக் கடைசிக் குடம் நிரம்பியபோது கடைசிப் பக்கம் வந்தது. விஷம் வைத்தது டாக்டரும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. சவப்பெட்டி செய்கிற தச்சன். வியாபாரம் மந்தமாம்.

"த்தூ! இதுக்கா நா அர லோடு தண்ணி குடுத்தேன்?" என்றார் டிரைவர்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாபா பேசற? மொத பக்கத்துலயே கூட்டத்துல ஓரமா நிக்கிறான் பாரு, கையில அளவு டேப்போட. எல்லாரையும் கண்ணால அளக்கறான்!" என்று பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

"டேப்ப பாத்து நா அவன டெய்லர்னு நெனச்சேன்," என்றார் டெய்லர் வீட்டம்மா வருத்தமாக. "அதான் நல்லவன்னு வுட்டுட்டேன்."

"நா மொதல்லருந்து கேக்கல. இப்ப வந்து டேப்பு கீப்புன்னா?" என்று டிரைவர் எகிற, "அப்ப மொதல்லருந்து படிச்சிட்டு வந்து பேசு!" என்று இவர் புத்தகத்தை அவர் கையில் திணித்தார். கவர்கூட இல்லாமல். டிரைவர் அதைச் சீட்டுக்கு அடியில் ஈரத் துணியோடு செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார். லாரி தெருமுனை திரும்பிய பிறகுதான் இவருக்குத் தான் என்ன செய்தோம் என்பதே உறைத்தது. "அது இப்ப எங்கயும் கெடைக்காது தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் வளைகாப்பு நன்றாக நடந்தது. வாசலில் கை கழுவ அண்டா நிறையத் தண்ணீர். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். டெய்லர் வீட்டம்மா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, மகளுக்குப் போட்ட கையோடு எனக்கும் இரண்டு கண்ணாடி வளையல் போட்டுவிட்டார். "மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டுகினு கீற? அடுத்த புக்கு இன்னா எடுத்தாரப் போற?" என்றார்.

அடுத்த இரண்டு முறையும் வேறு டிரைவர் வந்தார். புத்தகக் கவலையில் எங்கள் வீட்டுக்காரர் பாதியாக இளைத்துவிட்டார். மூன்றாம் முறை சிடுமூஞ்சி வந்தார். பால் கவரைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் புத்தகத்தைப் போட்டு எடுத்துவந்திருந்தார். அளவு டேப் இருக்கிற படத்துக்குக் கீழே மட்டும் ஒரு டீசல் கட்டைவிரல் ரேகை.

"டேப்பு கீது. ஒத்துக்கறேன்," என்றார். "ஆனா அந்த டாக்டரு எதுக்குபா கடசி வரிக்கும் அந்தச் சாவிய கழுத்துல மாட்டிகினு திரியறான்? அது இன்னா சாவி?"

இவர் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கதையில் அதற்குப் பதிலே இல்லை. இத்தனை வருஷம் வைத்துக் காப்பாற்றிய புத்தகத்தில் இவரும் தோஸ்துகளும் கவனிக்காத ஓட்டையை ஒரே வாசிப்பில் பிடித்துவிட்டார் மனுஷர். அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு முழுக்கச் சாவியைப் பற்றித்தான். டீயை இவர் போட்டார், நான் உட்கார்ந்து பேசினேன்.

இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிட்டது. இருந்தாலும் யாராவது ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கோபமாகத் திட்டினால், அரை லோடு தண்ணீரோடு கதை கேட்க வந்து நின்ற அந்த மனிதர் ஞாபகம் வந்து, அவர்களுக்கு ஒரு டீ போட்டுக் கொடுக்கத்தான் எனக்குத் தோன்றுகிறது.