டப்பா அத்தையின் அலமாரி

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்பேன்; எங்கள் பிள்ளைகள் ‘டப்பா அத்தை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணி அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ரகம் இல்லை. மின்விசிறிக் கம்பெனியில் திருகாணிப் பொட்டலம் போட்டே காலம் தள்ளியவர். ஒரு திருகாணி குறைந்தாலும் யார் வீட்டிலோ விசிறி மாட்ட முடியாமல் திண்டாடுவார்களே என்ற கவலை, வேலையை விட்டு எங்களோடு வந்து தங்கிய பிறகும் அவரை விடவில்லை.

வந்த வேகத்தில் சமையலறை இழுப்பறையில் கிடந்த ஆணி, ஸ்பிரிங், வாஷர் எல்லாவற்றையும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டார். அதில் ஒரு வில்லங்கம். டப்பாவின் மேல் பொருளின் பெயர் இருக்காது, வீட்டின் நோய்தான் இருக்கும். ‘கத்தும் கதவு’ என்றால் கீல். ‘ஒழுகும் மூக்கு’ என்றால் குழாய்க்குப் போடும் வாஷர். சளி பிடித்த அன்று என் கணவர் மாத்திரை என்று நினைத்து அதைத் திறந்து, கண்ணாடி போடாமல் ஒரு வாஷரை வாயருகே கொண்டுபோய்விட்டார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்பெல்லாம் என் கணவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதோடு சரி. எலும்பு கூடிவிட்டது, தைரியம்தான் கூடவில்லை. இரவல் வாங்கிய பழைய வாக்கர் சுவரோரம் சும்மா நின்றது. “இப்படியே உட்கார்ந்திருந்தா கால் சூம்பிடும். அப்புறம் நடக்கவே முடியாது” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கெஞ்சிக் கூத்தாடி, ஒரு காலையில் வாசல்வரை நடக்கச் சம்மதிக்க வைத்தேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் வாக்கரின் அடி ரப்பர் பிய்ந்து வழுக்கியது. நல்லவேளை, பிடித்துக்கொண்டேன்.

“போதும்மா. இனிமே என்னை எழுப்பாத” என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். ‘தம்பி நடை’ என்று எழுதியிருந்தது. உள்ளே வாக்கர் ரப்பர்கள், அத்தனையும் புதுசு.

“எதுக்குக்கா இவ்வளவு?”

“நீ நடக்க நடக்கத் தேயும்ல? ஒவ்வொரு தடவையும் நான் கடைக்கு ஓடிட்டிருக்க முடியுமா?”

“எப்ப வாங்கின?”

“நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ.”

நாங்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்த நாட்கள் அவை. அண்ணி மட்டும் கடைக்குப் போயிருக்கிறார். அவர் ரப்பரை மாட்டி முடிக்கும்வரை என் கணவர் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நிற்க அக்காவின் பக்கம் கையை நீட்டினார்.

இந்த மனுஷி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு யாரிடம் போய் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டப்பா போன வாரம் காலியாகிவிட்டது. புது ரப்பர் வாங்கிவரச் சொல்லி என் கணவரையேதான் கடைக்கு அனுப்பியிருக்கிறார் அண்ணி.