ஹாலில் ஒரே கடிகாரம்

“கனகா, மணி இன்னா?” சமையலறையிலிருந்து அம்மா கிளியம்மாளின் குரல்.

“ஹாலைப் பாரும்மா!” கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்துவாள் கனகவல்லி.

கோவிலம்பாக்கத்து அந்த வீட்டில் முன்பு அறைக்கொரு கடிகாரம். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்த கையோடு எல்லாவற்றையும் கழற்றிப் பரணில் போட்டாள். ஹாலில் மட்டும் ஒன்று. “நேரம் ஒண்ணுதானே? ஆளுக்கொரு காப்பி எதுக்கு?”

முப்பத்திரண்டு வயது. கல்யாணம் தள்ளிப்போன பெண் என்று தெரு சொல்லும். புரோகிராமர் என்று அவள் சொல்வாள். வாசலறைதான் ஆபீஸ். என்டர் தட்டுமுன் ஆள்காட்டி விரலை முந்தானையில் துடைத்துக்கொள்வாள், பூஜைக்குப் பூ எடுப்பவளைப் போல.

அந்த விரலுக்கும் சோதனை வந்தது. தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் ஒருவர், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி வரிசை. அவள் எழுதிய டோக்கன் புரோகிராமில் ஒவ்வொரு வரிசையும் தன் எண்ணைத் தானே வைத்திருந்தது. பதினேழாம் எண்ணோடு வந்த இருவர் டாக்டர் வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ஒரே பேஜாரு கனகா. சனிக்கிழமை வந்து பாக்கறேன். அப்பவும் தப்புன்னா உன் புரோகிராமே வேணாம்” என்றார் ரிசப்ஷன் ஹில்டா சிஸ்டர்.

“இதுவும் பூட்ச்சுன்னா இந்த ரூமை சிமெண்டு கடைக்கு வாடகைக்கு வுட்டுடு” என்றான் அண்ணன் சிட்டிபாபு. சனிக்கிழமை காலையே அளவு டேப்போடு வந்து நின்றான்.

கண்ணீர் திரையை மறைத்த அந்த நேரத்தில்தான் அம்மா வழக்கம்போல மணி கேட்டார். “ஹாலைப்...” என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். வீட்டுக்குச் செய்ததைப் புரோகிராமுக்குச் செய்யவில்லையே!

இரு வரிசைகளிடமிருந்தும் எண்ணைப் பிடுங்கினாள். ‘ஹாஸ்பிடல்’ என்ற வகுப்பில், அதாவது புரோகிராமின் ஒரு தனிப் பகுதியில், ஒரே ஒரு ஸ்டாட்டிக் எண்: எல்லோருக்கும் பொதுவான ஒன்று. எண் வேண்டுகிற வகுப்பு எதுவானாலும் சொந்த நகல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஹாஸ்பிடல், ஒரு புள்ளி, டோக்கன் என்று பெயர் சொல்லி அங்கேயே கேட்க வேண்டும், அங்கேயே கூட்ட வேண்டும்.

ஹில்டா சிஸ்டர் வந்து உட்கார்ந்தார். கனகவல்லி எண்ணைப் பதினைந்தில் வைத்துக் கொடுத்தாள். பெரியவர் வரிசையைத் தட்டினார்: பதினாறு. குழந்தை வரிசை: பதினேழு. சிட்டிபாபு திரையை எட்டிப் பார்த்தான். மறுபடி பெரியவர்: பதினெட்டு!

“அடிப்பாவி, சண்டைக்கே எடம் வெக்கலியே நீ!” சிஸ்டர் சிரித்தார். “திங்கக்கிழமையே போட்டுடு. குரோம்பேட்டை பிராஞ்சுக்கும் சேத்து.”

சிஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கனகவல்லி கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, அண்ணன் கையிலிருந்த டேப்பின் முனையைச் சுவர்வரை இழுத்தாள்.

“கெட்டியா புடிண்ணா. ரெண்டாவது மேசை இங்க வரணும்.”